முறைசார் மீளாய்வு: முதலில் கற்பியுங்கள், பிறகு கேளுங்கள்

முதுநிலை உளவியல் மாணவரிடம் முறைசார் இலக்கிய மீளாய்வை ஆய்வேடாகக் கேட்கும் துறை, அதைச் செய்யும் விதத்தை முதலில் வகுப்பில் கற்பித்திருக்க வேண்டும். கற்பிக்க ஆளோ நேரமோ இல்லையென்றால், அந்தப் பெயரில் ஆய்வேடு வாங்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றும் உளவியல் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், நூலகர்கள் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். பாடத்திட்டக் குழுக்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் கைடுகளுக்கும் இதை எழுதுகிறோம். மாணவர்களும் படிக்க வேண்டும். இந்தக் குழப்பத்தில் மதிப்பெண்ணும் மன நிம்மதியும் இழப்பவர்கள் அவர்கள்தான்.

2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டபோது விடுதிக்கோ பள்ளிக்கோ மருத்துவமனை வார்டுக்கோ போய்த் தரவு திரட்ட வழியில்லாமல் போனது. அப்போது பல துறைகள் “ரிவியூ எழுது” என்று மாணவர்களிடம் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த அவசர ஏற்பாடு பிறகு வழக்கமாகிவிட்டது. கள அனுமதி கிடைக்காத மாணவருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தாமதமான மாணவருக்கும், புள்ளியியல் என்றாலே தயங்கும் மாணவருக்கும் முறைசார் மீளாய்வு ஒரு குறுக்குவழியாகக் கைகாட்டப்படுகிறது. குறுக்குவழி என்று நினைத்து உள்ளே போனவர்கள் நான்காம் செமஸ்டரின் நடுவில் திண்டாடுகிறார்கள்.

இப்படி வரும் ஆய்வேடுகளில் பலவற்றின் உட்புறம் ஒன்றுபோலவே இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் ஒரு சொற்றொடரைத் தட்டி, முதல் சில பக்கங்களில் வந்தவற்றில் இலவசமாகத் திறந்த பிடிஎஃப்களை எடுத்து, ஆசிரியர், ஆண்டு, மாதிரி அளவு, முடிவு என்று ஓர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். மீளாய்வு அறிக்கைக்கான பிரிஸ்மா வழிகாட்டியின் பாய்வுப் படத்தை இணையத்திலிருந்து இறக்கி, பெட்டிகளில் எண்களை நிரப்புகிறார்கள். தேடலில் கிடைத்தவை 1,240. நகல் நீக்கியபின் 980. முழுக்கட்டுரையாகப் படித்தவை 80. சேர்த்தவை 14 என்று ஒரு படம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நீக்கிய 66 கட்டுரைகளை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள் என்று வைவாவில் கேட்டால் மாணவர் விழிக்கிறார். அந்தப் பெட்டிக்குக் காரணம் எழுத வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிரிஸ்மாவின் 2020 பதிப்பிலுள்ள 27 அம்சங்களையும் ஒருமுறை உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருந்தால் இந்தக் கேள்விக்கு அவர் தடுமாறியிருக்க மாட்டார். இந்தக் குறையை நாங்கள் மாணவர் மேல் சுமத்தவில்லை. கற்பிக்காத ஒன்றைக் கேட்டவர்கள் நாம்.

எல்லா ஆய்வேட்டிலும் இரண்டாம் இயலாக வரும் ‘ரிவியூ ஆஃப் லிட்டரேச்சர்’ பகுதிக்கும் முறைசார் மீளாய்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிடலாம். முறைசார் மீளாய்வு எழுதுபவர் ஓர் உறுதிமொழி தருகிறார்: நான் போன வழியில் இன்னொருவர் போனாலும் இதே கட்டுரைகளைத்தான் வந்தடைவார். கேள்வியை முன்கூட்டி எழுதி வைப்பது, எந்தத் தரவுத்தளத்தில் எந்த நாளில் எந்தச் சொற்களால் தேடினோம் என்று பதிவு செய்வது, இருவர் தனித்தனியே வடிகட்டுவது, ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோடுவது எல்லாம் அந்த உறுதிமொழியைக் காப்பாற்றத்தான்.

உளவியல் மாணவருக்கு இது மருத்துவத்திலிருந்து இரவல் வந்த வித்தை என்ற எண்ணம் இருக்கிறது. உண்மையில் இதன் வேர்களில் ஒன்று உளவியலில்தான் இருக்கிறது. உளசிகிச்சையால் பயனே இல்லை என்ற தொனியில் ஹான்ஸ் ஐசென்க் 1952-இல் எழுதிய கட்டுரை கால் நூற்றாண்டுச் சண்டையைக் கிளப்பியது. பல ஆய்வுகளின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் தொகுப்பதற்கு 1976-இல் ‘மெட்டா அனாலிசிஸ்’ (தொகுப்பாய்வு) என்ற பெயரைச் சூட்டிய ஜீன் கிளாஸ், மறு ஆண்டு மேரி லீ ஸ்மித்துடன் சேர்ந்து 375 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற சராசரி நபர் சிகிச்சை பெறாதவர்களில் நான்கில் மூன்று பங்கினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினார். ஐசென்க் விடவில்லை. நல்ல ஆய்வையும் மட்டமான ஆய்வையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிச் சராசரி எடுத்தால் என்ன கிடைக்கும் என்று சாடினார். அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் கருவிகள் இத்தனை பெருகியதற்கு இதுபோன்ற விமர்சனங்களும் ஒரு காரணம். இந்தச் சண்டையை இரண்டு வகுப்புகளில் கதையாகச் சொன்னால் போதும். மாணவர்களுக்கு முறையியல் மேல் பிடிப்பு வந்துவிடுகிறது என்பதை எங்கள் உறுப்பினர்கள் கண்டிருக்கிறார்கள்.

அடுத்ததாகச் சொல்லித்தர வேண்டியது, அச்சில் வராத ஆய்வுகளைப் பற்றி. எரிக் டர்னர் குழு 2008-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு மிகப் பொருத்தமானது. 12 மனச்சோர்வு மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் பதிவான 74 சோதனைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் கணிப்பில் 38 சோதனைகள் மருந்துக்குச் சாதகம். அவற்றில் 37 அச்சேறின. மீதி 36 சாதகமற்றவை அல்லது சந்தேகத்துக்குரியவை. இவற்றில் 22 அச்சில் வரவேயில்லை, 11 சாதகமானவைபோல எழுதி வெளியிடப்பட்டன, உள்ளதை உள்ளபடி சொன்னவை 3 மட்டுமே. இதழ்களை மட்டும் தேடியவரின் கண்ணுக்கு ஏறத்தாழ எல்லாமே வெற்றியாகத் தெரியும். சிறப்பாகத் தேடினாலும் ஏமாறலாம் என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

நம் துறைக்குள்ளேயே இதைவிட வலிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் என்ற ‘ஈகோ டிப்ளீஷன்’ கருத்தைப் பாடநூலில் படிக்காத உளவியல் மாணவர் இல்லை. 2010-இல் வந்த தொகுப்பாய்வு 198 சோதனைகளைச் சேர்த்து, விளைவின் அளவு 0.62 என்றது. 2014-இல் அதே சான்றுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், சிறிய ஆய்வுகளும் வெளியீட்டுச் சாய்வும் சேர்ந்து அந்த எண்ணை ஊதிப் பெருக்கியிருக்கலாம் என்றார்கள். 2016-இல் 23 ஆய்வகங்கள் 2,000-க்கும் மேற்பட்டோரை வைத்து, முன்பே பதிவு செய்த ஒரே முறைப்படி சோதித்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி வந்தது. அதன் பிறகும் விவாதம் ஓயவில்லை. மீளாய்வு என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு முடிவை நம்பிவிடக் கூடாது என்பதை இந்த மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படிக்கும் மாணவர் தானே கண்டுகொள்வார். இவற்றை மூன்றாம் செமஸ்டரின் கட்டாய வாசிப்பாக வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

தேடும் இடம் ஏன் முக்கியம் என்பதற்கு நம் மண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கிராமப்புறத் தற்கொலைத் தடுப்பு என்பது நம் மாணவர்கள் பலரும் விரும்பி எடுக்கும் தலைப்பு. பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டை, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதி ஊர்களில் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியானது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவை நிறுவிய லட்சுமி விஜயகுமார் அதன் ஆசிரியர்களில் ஒருவர். ஆய்வு சிறியதுதான், ஆனால் நம்பிக்கை தருவது. இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 180 ஊர்களில் நடந்த பெரிய சோதனை 2017-இல் லான்செட்டில் வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். அதனால் நஞ்சுண்ணல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே இலங்கையில், மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995-இலும் எண்டோசல்ஃபானை 1998-இலும் தடை செய்த பிறகு தற்கொலை விகிதம் வெகுவாகச் சரிந்தது.

இந்த மூன்றையும் ஒரு மாணவர் சந்திப்பாரா என்பது அவர் எங்கே தேடுகிறார் என்பதைப் பொறுத்தது. ‘உளவியல் தலையீடு’ என்ற சொல்லோடு உளவியல் தரவுத்தளத்தில் மட்டும் தேடினால் ஒன்றுகூடச் சிக்காமல் போகலாம். இவை பொது சுகாதார, மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. பூச்சிக்கொல்லி, கிடங்கு, தடை என்ற சொற்கள் தேடலில் இருந்தால்தான் கிடைக்கும். கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. ஊர்ப்பொதுக் கிடங்கும் வீட்டுப் பெட்டியும் ஒரே தலையீடா, இரண்டையும் ஒரே சராசரியில் சேர்க்கலாமா? எந்த மென்பொருளும் இதற்குப் பதில் தராது. கிராமம் தெரிந்த, நோயாளியைப் பார்த்த, கைடோடு உட்கார்ந்து வாதாடிய மாணவர்தான் பதில் சொல்ல முடியும். எங்கள் பார்வையில் முறைசார் மீளாய்வின் உண்மையான கல்வி இந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஆகவே தேடலைக் கற்பிக்க நூலகர் வகுப்புக்கு வர வேண்டும். விருந்தினராக ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவது போதாது. பாடத்தின் இணை ஆசிரியராக அவர் பெயர் இருக்க வேண்டும். ‘பிகேவியர்’ என்ற சொல்லை பிரிட்டிஷார் எழுதுவதற்கும் அமெரிக்கர் எழுதுவதற்கும் உள்ள ஒற்றை எழுத்து வித்தியாசத்தால் எத்தனை கட்டுரைகள் நழுவிப்போகின்றன என்பதைத் திரையில் காட்டக்கூடியவர் அவர்தான். கூகுள் ஸ்காலர் எத்தனை லட்சம் முடிவு இருப்பதாகச் சொன்னாலும் முதல் 1,000-க்கு மேல் காட்டாது என்பதையும், பப்மெட் எல்லாருக்கும் இலவசம் என்பதையும், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃப்ளிப்நெட்டின் சோத்கங்காவில் தனியாகத் தேட வேண்டும் என்பதையும் அவர் சொல்லித்தருவார். இதழில் வராத தமிழ்நாட்டு ஆய்வுகள் எத்தனையோ சோத்கங்காவில் உறங்குகின்றன. அவற்றைத் தொடாமல் ‘இந்தியச் சூழலில்’ என்று தலைப்பிடும் மீளாய்வை நாங்கள் ஏற்பதற்கில்லை.

வடிகட்டலை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. ஏன் என்பதை ஒரு மதிய வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். இரண்டு மாணவர்கள் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் அதே 100 சுருக்கங்களைப் படிக்கட்டும். ஆளுக்கு 10 கட்டுரைகளை வைத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக அமைந்தவை 5. இருவரும் ஒதுக்கியவை 85. நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறதே என்று வகுப்பு மகிழும். அப்போது ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த காப்பா கணக்கைக் கரும்பலகையில் எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்தை எடுத்திருந்தாலும் 82 இடங்களில் ஒத்துப்போயிருப்பார்கள். மீதமுள்ள 18-இல் இவர்கள் படிப்பால் கிடைத்தது 8 மட்டுமே. காப்பா 0.44, அதாவது சுமாரான உடன்பாடுதான். இதில் ஒருவர் மட்டும் வடிகட்டியிருந்தால் மற்றவர் கண்டெடுத்த 5 கட்டுரைகள் மீளாய்வுக்குள் வந்தே இருக்காது. அடுத்த அரைமணி நேரம் அந்த மாணவர்கள் முரண்பட்ட 10 சுருக்கங்களை வைத்துப் போடும் சண்டையில்தான் சேர்க்கும் விதிகள் கூர்மையாகும். ‘இளைஞர்’ என்றால் எத்தனை வயது, ‘மன அழுத்தம்’ என்றால் எந்த அளவுகோலில் எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிராஸ்பெரோ பதிவேட்டில் பதிவான மீளாய்வுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கணக்கின்படி, பதிவு செய்ததிலிருந்து அச்சேறும்வரை சராசரியாக 67 வாரம் ஆகியிருக்கிறது. ஒரு மீளாய்வுக்குச் சராசரி ஆசிரியர்கள் 5 பேர். இதை ஒரு மாணவர் ஒரு செமஸ்டரில் தனியாக முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அதற்காகக் கற்பிக்காமல் விட்டுவிட வேண்டுமா? பாதையை மாற்றினால் போதும் என்பது எங்கள் கருத்து. இரண்டாம் செமஸ்டரில், ஏற்கெனவே வெளியான ஒரு மீளாய்வின் தேடலை அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் சொன்ன எண்ணிக்கை வருகிறதா என்று சரிபார்க்கும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும். மூன்றாம் செமஸ்டரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குறுகிய கேள்விக்கு மீளாய்வு நெறிமுறை (புரோட்டோகால்) எழுதட்டும். ஆய்வேட்டுக்கு முழு மீளாய்வைத் தேர்ந்தெடுத்தால் குழுவாகச் செய்ய அனுமதி வேண்டும். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்பதைக் குழுவின் பணிப் பதிவேட்டிலிருந்து பார்த்து மதிப்பெண் தனித்தனியாகத் தரலாம். பல்கலைக்கழக விதிகள் தனிநபர் ஆய்வேட்டை மட்டுமே ஏற்பதால் இன்று இது நடப்பதில்லை. அந்த விதியை மாற்றுவதே எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது.

குழு சாத்தியமில்லாத இடத்தில் பெயரையாவது நேர்மையாக வைக்கலாம். ஒரே தரவுத்தளம், ஒரே வாசகர், நான்கு மாதம் என்றால் அது விரைவு மீளாய்வு. அப்படியே தலைப்பில் எழுதி, வரம்புகளைச் சொல்லிவிட்டால் அது மதிக்கத்தக்க ஆய்வேடு. ‘சிஸ்டமேட்டிக்’ என்ற சொல் இல்லையென்பதற்காகத் தேர்வாளர்கள் மதிப்பெண் குறைப்பதை நிறுத்த வேண்டும்.

எம்.பில். பட்டத்தை யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் முடிவுக்குக் கொண்டுவந்ததை இங்கே நினைவூட்டுகிறோம். மருத்துவ உளவியலுக்குச் சிறிது காலம் விலக்கு தரப்பட்டது, மற்றவர்கள் எம்.எஸ்சி. முடித்ததும் நேரே முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறார்கள். இலக்கியத்தைத் தேடவும் எடைபோடவும் எம்.பில்.லில் கற்றுக்கொள்ளலாம் என்ற சாக்கு இனி இல்லை. முதுநிலையில் கற்காதவர் முனைவர் பட்டப் பதிவின்போதும் கற்காதவராகவே இருப்பார்.

கட்டுரைகளை அணுகும் வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வு எங்களை மிகவும் உறுத்துகிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. ஆனால் முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிறுவனங்களுக்கானது. தமிழ்நாட்டில் முதுநிலை உளவியல் பயில்வோரில் கணிசமானவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு சொடுக்கில் திறக்கும் கட்டுரைக்கு, பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் சுயநிதிக் கல்லூரி மாணவர் யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. இலவசமாகக் கிடைத்ததை மட்டும் சேர்த்த மீளாய்வு பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திட்டத்தை எல்லா உயர்கல்வி நிறுவனங்களுக்கும் விரிக்க வேண்டும். அதுவரை அரசுப் பல்கலைக்கழக நூலகங்கள், இணைவுபெற்ற கல்லூரி மாணவர்களை அடையாள அட்டையோடு வந்து வாசிக்க அனுமதிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நகல்களைக் கண்டுபிடிக்கவும், வடிகட்டும் வரிசையை அமைக்கவும் உதவும் ரய்யான் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியதை எழுத வேண்டும். உரையாடல் கருவியிடம் “இந்தத் தலைப்பில் கட்டுரைகள் சொல்” என்று கேட்டுப் பெறும் பட்டியலில், உலகிலேயே இல்லாத கட்டுரைகளும் இருக்கக்கூடும். அத்தகைய ஒரு மேற்கோள் ஆய்வேட்டில் சிக்கினால் அதைத் தட்டச்சுப் பிழையாகக் கருதாமல் நேர்மை மீறலாகவே நடத்த வேண்டும்.

மதிப்பெண் திட்டமும் மாறியாக வேண்டும். முடிவு என்ன வந்தது என்பதற்கு மதிப்பெண் இருக்கக் கூடாது. முன்பதிவு செய்த நெறிமுறை, தேடலின் முழுப் பதிவு, இருவர் வடிகட்டியதன் உடன்பாட்டு எண், நீக்கியதற்கான காரணப் பட்டியல், தர மதிப்பீட்டில் எடுத்த முடிவுகளுக்கான விளக்கம் ஆகியவற்றுக்கே மதிப்பெண் போக வேண்டும். ‘தகுதியான ஆய்வு ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று முடியும் மீளாய்வும், தேடல் செம்மையாக இருந்தால், முழு மதிப்பெண் பெறலாம். மாணவர் மீளாய்வை இதழில் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் எதிர்க்கிறோம். தேவையற்ற, தவறாக வழிநடத்தும் மீளாய்வுகள் பெருந்தொகையாய் உற்பத்தியாகின்றன என்று ஜான் அயோனிடிஸ் 2016-இலேயே எச்சரித்தார். மாணவர்களைக் கொண்டு அந்தக் குவியலை நாம் உயர்த்த வேண்டாம்.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கனவு என்று சொல்பவர்கள் வேலூரைப் பார்க்கட்டும். சி.எம்.சி.யில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரதாப் தரியன், முறைசார் மீளாய்வுகளைத் தயாரிக்கும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையத்தை அங்கிருந்து வழிநடத்தினார். சிசோஃப்ரினியாவுக்கு மின்னதிர்வு சிகிச்சை பற்றி கிளைவ் ஆடம்ஸுடன் சேர்ந்து அவர் 2005-இல் தந்த காக்ரேன் மீளாய்வு உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. திறமை நம் மாநிலத்தில் இருந்திருக்கிறது. உளவியல் துறைகள் அந்தப் பக்கம் மாணவர்களை அனுப்பிப் பழகவில்லை.

எங்கள் பங்குக்கு மூன்று வேலைகளை ஏற்கிறோம். இரண்டாவது வடிகட்டுநர் கிடைக்காத கல்லூரி மாணவருக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒருவரை இணைத்துத் தருவோம். நூலக உறுப்பினர்கள் தேடல் உத்திகளைப் படித்துத் திருத்தித் தருவார்கள். நெறிமுறை எழுதுவதற்கான மாதிரிப் படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுவோம். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் குழு ஆய்வேட்டு விதியையும் இரண்டாம் செமஸ்டர் தேடல் பாடத்தையும் சேர்க்க வேண்டும். அவை ஏற்கப்படும்வரை, வகுப்பில் பயிற்சி பெறாத மாணவருக்கு முறைசார் மீளாய்வைத் தலைப்பாகக் கொடுப்பதில்லை என்று எங்கள் உறுப்பினர்களான கைடுகள் முடிவெடுத்திருக்கிறார்கள்.